விசுவாசமும் நம்பிக்கையும்: தமிழ்த் திருச்சபைச் சொல் வரலாற்றில் ஓர் ஆய்வு

தமிழ்க் கிறித்தவர் வழங்கும் சமயச் சொற்களைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரை நடுவாக வைத்தே நிகழ்ந்து வந்துள்ளது. இன்ன பாதிரியார் இன்ன சொல்லை ஆண்டார். பின்வந்தவர் அதனை மாற்றினார். அம்மாற்றம் வடசொற் சார்பினதா, தமிழ்ச்சொற் சார்பினதா என்பனவே அவ்வாராய்ச்சியில் எழும் வினாக்கள். அச்சொல்லைச் செவியால் ஏற்று, நாவால் உருவிட்டு, அதனைக் கொண்டே தம் சமயத்தை அறிந்த எளிய மக்கள் அதற்கு என்ன பொருள் கொண்டனர் என்பது மற்றொரு வினா. சொல்லின் வரலாறு சொன்னவனோடு முடிவதன்று. கேட்டவனையும் உளப்படுத்தியே அது நிறைவுறும். இவ்வுண்மையை ஒரு சொல்லின் வாயிலாக நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொண்ட சொல் ‘விசுவாசம்’ என்பது. கிறித்தவ சமயத்திற்கு அடிப்படையாய் நிற்பது இச்சொல்லாற் குறிக்கப்படும் பொருளே. அதனோடு பிரிக்கலாகாத தொடர்புடையது ‘நம்பிக்கை’ என்னும் சொல். இவ்விரண்டும் நானூற்றைம்பது ஆண்டுகளில் தம்முள் இடம் மாறிய வரலாற்றை அறிவார்க்கு, வேதப் பகுதிகள் எளிய கிறித்தவர் உள்ளத்தில் எவ்வாறு பொருள்படுகின்றன என்பது தெள்ளிதின் விளங்கும்.

1. முதற் பிழையும் முதல் திருத்தமும்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் பெருந்திரளாகக் கிறித்தவராயினர். சமயத்தை ஏற்றனரேனும் அதனைத் தம் மொழியிற் கற்பிப்பார் அவர்க்கு இலராயினர். 1542 இல் அக்கடற்கரையை அடைந்த பிரான்சிசு சவேரியார்க்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி, அவர் துணைகொண்டு, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம் முதலியவற்றைப் பெருமுயற்சியோடு தமிழாக்கினார். பின்னர்க் கையில் மணியேந்தி ஊர்தோறும் சென்று, சிறாரையும் பெரியோரையும் அழைத்து, அவற்றை வாய்ப்பாடமாக்குவித்தார். இச்செய்திகளை அவர்தம் 1544 ஆம் ஆண்டு மடல்களே கூறுகின்றன.

அவ்வாண்டில் தம் உடன் ஊழியரான மான்சில்லாசுக்கு எழுதிய மடலொன்றில் சவேரியார் ஒரு திருத்தம் குறிக்கின்றார். பிரமாணத்தின் தொடக்கத்தில் ‘நான் விசுவசிக்கிறேன்’ என்னும் பொருள்பட நிற்க வேண்டிய இடத்தில், ‘எனக்கு வேணும்’ என்று அதுகாறும் மக்களுக்குக் கற்பிக்கப்பட்டு வந்தது. ‘வேணும்’ என்பது விரும்புதலைக் குறிப்பதென்றும், விசுவாசம் என்னும் சொல்லையே இனி ஆளவேண்டுமென்றும் அவர் அறிவுறுத்தினார். நமக்குத் தெரிந்த அளவில், தமிழ்த் திருச்சபைச் சொல் வரலாற்றில் எழுத்துச் சான்றுடைய மிகப் பழைய திருத்தங்களுள் இஃது ஒன்று.

இதனை மொழியறியாமையால் நேர்ந்த எளியதொரு வழுவென்று தள்ளிவிடுதல் முறையன்று. எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் மனப்பாடமே மக்களுக்கு மறைநூலாக நின்றது. ஓதுவிக்கப்பட்ட ஒரு சொல் வழுவாயின், ஓலையில் நேர்ந்த பிழைபோல் அது ஒரு படியோடு நில்லாது. ஊர் முழுவதன் நாவிலும் அவ்வழு ஏறிவிடும். ‘கடவுள் எனக்கு வேண்டும்’ என்று கூறிய மீனவன் தான் கூறியதற்குத் தெளிவான பொருளே கொண்டிருப்பான். அப்பொருள் தவறென்று அவனுக்குத் தோன்றக் காரணமில்லை. அறியாத சொல் கேட்போனை வினாவத் தூண்டும். அறிந்த சொல்லோ வினாவுக்கு இடமளியாது தன் பழம்பொருளோடு உள்ளே புகுந்துவிடும். எளிய கிறித்தவர் வேதச் சொற்களைப் பிறழ உணர்வதற்கு அருஞ்சொற்களினும் எளிய சொற்களே பெரிதும் காரணமாதல் இதனாற் போதரும்.

2. மூவகைச் சொற்கள்

சவேரியாருக்குப் பின் அத்துறையில் தமிழை முறையாகக் கற்றவர் போர்த்துகீசியரான அன்றிக்கே அடிகளார். அவர் 1546 இல் இந்தியாவை அடைந்தார். 1600 இல் இறந்தார். அவர் தொண்டு தொடங்கிச் சில ஆண்டுகளில், 1554 இல், லிஸ்பன் நகரில் தமிழர் மூவரின் துணையோடு தமிழ்ச் செபநூலொன்று அச்சாயிற்று. அது தமிழ்மொழியை உரோம எழுத்திற் காட்டிப் போர்த்துகீசியப் பொருளும் உடன் தருவது. தமிழ் எழுத்தால் அச்சேறிய தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் 1578 இலும், கிரிசித்தியானி வணக்கம் கொச்சியில் 1579 இலும் வெளிவந்தன. இவ்விரண்டும் அன்றிக்கே அடிகளாரின் மொழிபெயர்ப்புக்களே.

இக்காலந்தொட்டு வந்த திருச்சபைச் சொற்களை இலக்கண நூலார் வகுத்த பாகுபாட்டிலேயே அடக்கிக் காணலாம். தொல்காப்பியர் சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். திசைச்சொல்லைத் தமிழல்லாத பிற நிலங்களிலிருந்து வருவனவற்றிற்கும் நன்னூலார் உரிமையாக்கினார். செய்யுட்கே உரிய திரிசொல்லை விடுத்து நோக்கின், ஏனைய மூன்றும் திருச்சபை வழக்கில் ஒருங்கே காணப்படும்.

திசைச்சொற்கு ‘குருசு’, ‘பாதிரி’, ‘சூசை’ என்பன எடுத்துக்காட்டு. இவை போர்த்துகீசியத்தினின்று வந்தன. இத்தகைய சொல்லில் ஒரு நலமும் ஒரு குறையும் உள. கேட்போனுக்கு அச்சொல்லைப் பற்றிய முன்னறிவு இன்மையால் பிறழவுணர்தல் இல்லை. அக்காரணத்தாலேயே கற்பிக்குமளவும் உணர்தலும் இல்லை. வெறுங்கலம் போன்ற அச்சொல்லில் உபதேசியார் இட்ட பொருளே நிறையும். ‘சிலுவை’ என்பதும் இவ்வினத்ததே. சிரிய மொழியினின்று வந்த அச்சொல் இன்று தமிழர்க்கு அயற்சொல்லாகத் தோன்றுவதில்லை. தச்சர்முதல் புலவரீறாக யாவரும் அதனை ஐயமின்றி வழங்குவர். வேறுபொருள் ஏதும் முன்பு பெற்றிராமையே அது முற்றும் தமிழாய்விட்டமைக்குக் காரணம்.

வடசொற்கு ‘விசுவாசம்’, ‘கிருபை’, ‘இரட்சிப்பு’, ‘ஞானஸ்நானம்’ முதலியன எடுத்துக்காட்டு. 1606 இல் மதுரையை அடைந்த இராபர்ட் தெ நொபிலியாகிய தத்துவ போதகர் காலமுதல் இவ்வழக்குப் பெருகிற்று. கற்றோரிடைச் சமயத்துக்கு மதிப்புத் தேடிய அவர், அக்காலத்துச் சமய நூல்கள் பயின்ற நடையையே தாமும் மேற்கொண்டார். வடசொல் திசைச்சொல்லினின்று ஒரு வகையில் வேறுபட்டது. அது வெறுங்கலம் அன்று; நாட்டில் முன்னரே பொருள் நிறைந்து வழங்குவது.

இயற்சொற்கு ‘அன்பு’, ‘நம்பிக்கை’, ‘அருள்’ என்பன எடுத்துக்காட்டு. இவை வீட்டிலும் தெருவிலும் பயில்வன. ஆதலின் இவற்றின் ஆற்றல் மிகப் பெரிது. இவற்றால் நேரும் இடரும் அத்துணைப் பெரிது.

மாந்தர் பெயரிலும் இவ்வேறுபாட்டைக் காண்கின்றோம். கத்தோலிக்கர் முன்னாளில் பவுலைச் ‘சின்னப்பர்’ என்றும், யோவானை ‘அருளப்பர்’ என்றும் வழங்கினர். பவுல் என்பதற்கு இலத்தீனிற் சிறியன் என்பது பொருள்; யோவான் என்பது எபிரேயத்திற் கடவுள் அருள் புரிந்தார் என்னும் பொருளது. பெயரையும் பொருள்வழி மொழிபெயர்த்தமையால், மூலமொழி அறியாத சிற்றூரானும் அப்பெயரைத் தன் மகனுக்கு இட்டு மகிழ முடிந்தது. சின்னப்பன், அருளப்பன் என்பன குடிப்பெயர்போல் நிலைத்தமை இதற்குச் சான்று.

3. விசுவாசம் என்னும் சொல்லின் இருமுகம்

விசுவாசம் என்பது வடமொழியில் ‘மூச்சு’ என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. அச்சமின்றி மூச்சுவிடுதல், அதனால் ஒருவரிடம் உள்ளம் தேறியிருத்தல் என்பது அதன் பொருள் வளர்ச்சி. தமிழில் வந்தபின் அது மற்றொரு திசையிற் சென்றது. பொதுமக்கள் வழக்கில் விசுவாசம் என்பது பெரும்பாலும் உண்டவர்க்கு நன்றி பாராட்டுதலையும், தலைவனுக்கு இரண்டகம் செய்யாமையையும் குறிக்கும். நாயை விசுவாசமுள்ள விலங்கு என்பர். நீண்டநாள் உழைத்த பணியாளனை விசுவாசமுள்ளவன் என்பர். ஈண்டு உளதாகிய பொருள் ஒரு கொள்கையை உண்மையென ஏற்றல் அன்று. ஒருவர்பால் உறுதி பிறழாது நிற்றலாகும்.

சமய வழக்கிலோ இச்சொல் முதற்கண் உண்மையென ஏற்றலையே குறித்து நின்றது. ஓதப்படும் பிரமாணத்திற்கு ‘விசுவாசப் பிரமாணம்’ என்று பெயர். கத்தோலிக்கச் செபநூல்களில் ‘விசுவாச முயற்சி’, ‘நம்பிக்கை முயற்சி’, ‘தேவசிநேக முயற்சி’ என மூன்று செபங்கள் வழங்கின. அவற்றுள் முதலாவது திருச்சபை கற்பிக்கும் உண்மைகளை ஏற்பதாக உரைப்பது. சீர்திருத்தச் சபையாரும் இச்சொல்லைக் கைவிடவில்லை. சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடியை அடைந்து கத்தோலிக்கத் தமிழ் நூல்களையும் பயின்றவர். அவருடைய புதிய ஏற்பாடு 1714, 1715 ஆம் ஆண்டுகளில் அச்சாயிற்று. அதன்பின் பப்ரிசியுசு, இரேனியுசு, பெர்சிவல் முதலியோர் முயற்சிகள் தோன்றின. கடவுளைக் குறிக்கும் சொல்லில் இவர்கள் காலத்திற் பெரும் வேறுபாடுகள் நிகழ்ந்தன. சருவேசுரன், பராபரன், தேவன் எனப் பெயர்கள் மாறின. விசுவாசமோ இம்மாற்றங்களிடையே நிலைபெற்றது. பவர் தலைமையில் அமைந்த குழுவின் ஐக்கியத் திருப்புதல் 1871 இல் வெளிவந்தபோது அதிலும் அதுவே இடம்பெற்றது. அத்திருப்புதல் இன்றும் சீர்திருத்தச் சபையாரிடைப் பெருவழக்கினது.

ஆகவே ஒரே சொல்லுக்குக் கோயிலில் ஒரு முகமும் களத்துமேட்டில் ஒரு முகமும் உளவாயின. இவற்றுள் எளிய கிறித்தவன் எதனைக் கொண்டு வேதத்தைக் கேட்டான்? இரண்டையும் கொண்டான் என்பதே தக்க விடை. யோவான் நற்செய்தி 14 ஆம் அதிகாரத் தொடக்கத்தில் இயேசு சீடரை நோக்கிக் கூறும் பகுதியில், ஐக்கியத் திருப்புதல் ‘விசுவாசமாயிருங்கள்’ என்னும் வினைவடிவை ஆள்கின்றது. ‘விசுவாசி’ என்னும் வினை கோயிலுக்கே உரியது. ‘விசுவாசமாயிரு’ என்பதோ பண்ணையாளும் அறிந்த வழக்கு. பிறர் நிலத்தில் உழைத்தவன் செவியில் அது ‘என்னைக் கைவிடாது என்னோடு நில்’ என்றே ஒலிக்கும்.

இவ்வாறு கேட்டது பிறழ்ச்சியா என்பது ஆராயத்தக்கது.

4. மூலமொழிகளின் சான்று

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இப்பொருட்கு உரிய சொல் ‘பிஸ்திஸ்’. அது நம்புதலையும் குறிக்கும், நம்பத்தக்கவனாயிருத்தலையும் குறிக்கும். பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் இதற்கு நிகராவது ‘எமுனா’. அஃது உறுதி, நிலைபேறு என்னும் பொருளுடைய வேரினின்று வந்தது. செபமுடிவிற் கூறப்படும் ‘ஆமென்’ என்பதும் அவ்வேரினதே. யாத்திராகமம் 17 ஆம் அதிகாரத்தில், போர் நிகழுங்கால் மோசேயின் கைகள் பொழுது சாயுமளவும் தளராது நின்றமையைக் கூறுமிடத்தும் ‘எமுனா’ என்னும் சொல்லே வந்துள்ளது. கை தளராமை அச்சொல்லின் பருப்பொருள். உள்ளம் தளராமை அதன் நுண்பொருள்.

நீதிமான் எதனாற் பிழைப்பான் என்று கூறும் ஆபகூக் 2 ஆம் அதிகார வசனத்தில் உள்ளதும் இச்சொல்லே. அதனைப் பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் ‘பிஸ்திஸ்’ என்றனர். பவுல் உரோமருக்கு எழுதிய மடலின் முதல் அதிகாரத்தில் அவ்வசனத்தை எடுத்தாண்டார். மேலைத் திருச்சபை வரலாற்றிற் பெரும் பிளவுக்கு நடுவாய் நின்ற வசனங்களுள் ஒன்று இது.

இச்சான்றுகளால் நாம் அறிவது யாது? விசுவாசத்தை இரண்டகம் செய்யாமை என்று உணர்ந்த எளியவன் மூலத்தின் ஒரு பாதியைச் செவ்விதிற் பற்றியவனே ஆவான். மொழிபெயர்ப்பாளர் கருதியது ஒரு பொருள்; மக்கள் வழக்கு அச்சொல்லில் முன்னரே வைத்திருந்தது மற்றொரு பொருள். அவ்விரண்டும் கூடியவழியே மூலச்சொல்லின் முழுப்பரப்பு தமிழில் வந்தது. இஃது ஒருவரும் திட்டமிட்டுச் செய்ததன்று.

எனினும் ஒரு பாதியை மட்டும் கொண்டவன் சில இடங்களில் இடறுவான். யாக்கோபு மடலின் 2 ஆம் அதிகாரத்தில், கடவுள் ஒருவரே என்பதைப் பேய்களும் விசுவசித்து நடுங்குகின்றன என்னும் கருத்து வருகின்றது. விசுவாசம் என்பது தலைவனிடம் பிறழாது நிற்றலே எனக் கொண்டவனுக்கு, பேய்க்கு அது யாங்ஙனம் கூடும் என்னும் ஐயம் எழும். ஈண்டு உண்மையென அறிந்தேற்றல் என்னும் பொருளே கொள்ளற்பாலது. மறுதலையாக, உரோமர் 3 ஆம் அதிகாரத்தில் மாந்தரின் அவிசுவாசமும் கடவுளின் ‘பிஸ்திஸ்’ என்பதும் எதிரெதிர் நிறுத்தப்படுகின்றன. கடவுள் ஏதோ ஒன்றை உண்மையென ஏற்கின்றார் என்பது ஆண்டுப் பொருந்தாது. சொன்ன சொல் தவறாமையே பொருள். ஐக்கியத் திருப்புதலார் இதனை நன்குணர்ந்து அங்கு ‘உண்மை’ என்று மொழிபெயர்த்தனர். பொருள் செம்மையாயிற்று. ஆயினும் மாந்தரின் பிறழ்ச்சியையும் கடவுளின் பிறழாமையையும் ஒரே வேர்ச்சொல்லால் எதிர்நிறுத்திய மூலத்தின் நயம் தமிழிற் புலப்படாதாயிற்று.

கலாத்தியர் 5 ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனிகளாக எண்ணப்படுவனவற்றுள்ளும் ‘பிஸ்திஸ்’ உண்டு. பொறுமை, தயவு, சாந்தம் முதலிய ஒழுக்கப் பண்புகளின் இடையே அது வருதலின், பிறழாமை என்னும் பொருளே சிறக்கும் என்பர் உரைகாரர் பலர். ஐக்கியத் திருப்புதலில் அவ்விடத்து ‘விசுவாசம்’ என்றே உள்ளது. கற்றவன் அதனைக் கொள்கைவழிப்பட்ட விசுவாசம் என்று கொண்டு, பண்புகளிடையே அது வந்தது ஏன் என மயங்குவான். கல்லாதவனோ தன் வழக்கிற்கேற்ப நன்றியுடைமை, உறுதியுடைமை என்று கொண்டு மயக்கமின்றிச் செல்வான். கல்வியுடையார் மயங்கும் இடத்துக் கல்லார் மயங்காமையும் ஒரோவழி உண்டென்பது இதனாற் புலனாகும்.

5. நம்பிக்கை இடம் மாறியது

இனி நம்பிக்கை என்னும் சொல்லை நோக்குவாம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13 ஆம் அதிகார இறுதியில் மூன்று நற்பண்புகள் நிலைபெறுவனவாகக் கூறப்படுகின்றன. கிரேக்கத்தில் அவை பிஸ்திஸ், எல்பிஸ், அகாப்பே என்பன. ஐக்கியத் திருப்புதல் இவற்றை முறையே விசுவாசம், நம்பிக்கை, அன்பு என மொழிபெயர்த்தது. மேற்காட்டிய கத்தோலிக்கச் செபங்களிலும் நம்பிக்கை இரண்டாவதாகவே நின்றது. எனவே நெடுங்காலம் இரு சபையாரிடத்தும் நம்பிக்கை என்பது வருங்காலத்தை நோக்கிய பண்பின் பெயராயிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. 1916 இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்குக் காலப்போக்கிற் சமய உரைநடையிலும் படர்ந்தது. 1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை அடுத்து, கத்தோலிக்கர் வழிபாடு இலத்தீனை நீங்கித் தமிழில் நிகழலாயிற்று. வழிபாட்டுத் தமிழ் யாவர்க்கும் விளங்க வேண்டும் என்னும் வேட்கையால் சொற்கள் பல புதுக்கப்பட்டன. ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, சுவிசேஷம் நற்செய்தியாயிற்று, இரட்சிப்பு மீட்பாயிற்று. 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொதுமொழிபெயர்ப்பு இப்புதுவழக்கை நிலைபெறச் செய்தது. அதில் மேற்கூறிய மூன்று பண்புகளும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று அமைந்தன.

இம்மாற்றத்தின் அளவை உய்த்துணர்தல் வேண்டும். திருமுழுக்கு என்னும் சொல் ஞானஸ்நானத்தின் இடத்தைப் பெற்றபோது ஒரு பழஞ்சொல் நீங்கிப் புதுச்சொல் ஒன்று வந்தது, மயக்கத்துக்கு இடமில்லை. நம்பிக்கையோ புதுச்சொல் அன்று. முன்பு இரண்டாவது இருக்கையில் இருந்த அதே சொல் முதல் இருக்கைக்கு ஏறியது. காலியான இடத்துக்கு எதிர்நோக்கு அழைக்கப்பட்டது. ஆகவே ஒரே ஊரில், ஒரே தெருவில் வாழும் இரு கிறித்தவர் நம்பிக்கை என்று கூறுங்கால், ஒருவர் முதற் பண்பையும் மற்றவர் இரண்டாம் பண்பையும் கருதுதல் கூடும். இருவரும் தமிழரே, இருவரும் அச்சொல்லைத் தம் தாயிடம் கற்றவரே. மயக்கம் நேர்ந்தது என்பதையும் இருவரும் அறியார். இரு சபையாரும் கூடி வழிபடும் இடங்களில் இம்மயக்கம் நூல்வழக்கோடு நில்லாது வாழ்க்கை வழக்காகவே நேர்வது.

எபிரேயர் மடலின் 11 ஆம் அதிகாரத் தொடக்கம் இதனினும் நுட்பமானது. ஆண்டு முதற் பண்பு இரண்டாம் பண்பைக் கொண்டே விளக்கப்படுகின்றது. ஐக்கியத் திருப்புதலில் விசுவாசம் என்பதை விளக்கும் பகுதியில் நம்புதல் என்னும் வினை எதிர்காலப் பேற்றைக் குறித்து வருகின்றது. பொதுமொழிபெயர்ப்பில் நம்பிக்கை என்பதை விளக்கும் பகுதியில் எதிர்நோக்குதல் என்னும் வினை வருகின்றது. முன்னதில் விளக்கமாய் நின்ற சொல் பின்னதில் விளக்கப்படும் சொல்லாயிற்று. இரு நூலையும் அருகருகே வைத்து ஓதும் ஒருவர், உரைகாரரின் துணையின்றி இவ்வேறுபாட்டைக் கடத்தல் அரிது.

எதிர்நோக்கு என்னும் சொல்லும் முற்றும் இடரற்றதன்று. நாட்டு வழக்கில் நன்மையையும் எதிர்நோக்கலாம், தீமையையும் எதிர்நோக்கலாம். இஃது ஒரு குறையென்பார் உளர். ஆயின் பழைய கிரேக்க இலக்கியத்தில் ‘எல்பிஸ்’ என்பதும் நன்மை தீமை இரண்டையும் எதிர்பார்த்தலையே குறித்தது; அதனை உறுதியான நன்னோக்கு என்னும் பொருட்குரியதாக ஆக்கியது திருமறை வழக்கே. கிரேக்கச் சொல்லுக்கு இயன்றது தமிழ்ச் சொல்லுக்கும் காலத்தால் இயலும். பயிலப் பயிலச் சொல் தன் புதுப்பொருளில் ஊன்றும்.

6. நம்பு என்னும் வேர்

இங்கே தமிழிலக்கண மரபினின்று ஒரு செய்தியைக் குறித்தல் தகும். தொல்காப்பியர் உரியியலில் ‘நம்பு’, ‘மேவு’ என்னும் உரிச்சொற்கள் நசைப்பொருளன என்றார். நசையாவது விருப்பம். ஆகவே பண்டைத் தமிழில் நம்புதல் என்பது விரும்புதலே. பின்னாளில் அச்சொல் தேறுதல், பற்றி நிற்றல் என்னும் பொருளை அடைந்தது. ஒருவனை விரும்புதலும் அவனைத் தேறுதலும் உள்ளத்தில் அண்மைய நிகழ்ச்சிகளாதலின் இப்பொருள் வளர்ச்சி இயல்பானதே.

1544 இல் ‘வேணும்’ என்னும் விருப்பச்சொல் பிழையென்று நீக்கப்பட்டது, விசுவாசம் வந்தது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் விசுவாசம் நீங்கிய இடத்தில் நம்பிக்கை வந்தது. அதன் வேரோ தொன்மையில் விருப்பத்தையே குறித்தது. இதனால் சவேரியார் திருத்தம் வேண்டாதது என்று கூறுவேமல்லேம். அக்காலத்து வழக்கில் ‘எனக்கு வேணும்’ என்பது தேவையை அன்றி வேறொன்றையும் குறியாது. திருத்தம் முற்றும் தக்கதே. நாம் கருதுவது பிறிதொன்று. உண்மையென ஏற்றல், பற்றி நிற்றல், விரும்பி நாடல் ஆகிய மூன்றும் மூலத்தில் ஒன்றோடொன்று பிணைந்தவை. எந்த ஒரு தமிழ்ச்சொல்லும் அம்மூன்றையும் ஒருங்கே சுமப்பதில்லை. ஒரு காலத்துச் சொல் ஒன்றையும், மற்றொரு காலத்துச் சொல் மற்றொன்றையும் முன்னே நிறுத்தின.

வேற்றுமையுருபும் இவ்வகையில் துணை செய்யும். ‘கடவுள் உண்டு என்று நம்புகிறேன்’ என்புழி நம்புதல் ஒரு கூற்றை ஏற்றல். ‘கடவுளை நம்புகிறேன்’ என்புழி ஒருவரைப் பற்றி நிற்றல். முன்னையது பேய்க்கும் கூடும். பின்னையது அன்புடையார்க்கே கூடும். யாக்கோபு மடலிலும் யோவான் நற்செய்தியிலும் ஒரே வினை வந்து பொருள் வேறுபடும் நுட்பத்தை இரண்டாம் வேற்றுமையுருபு ஒன்றைக் காட்டியே சிற்றூர் மக்களுக்கு விளக்கிவிடலாம். அருஞ்சொற்பொருள் அடைவினும் இத்தகைய இலக்கண விளக்கம் பயனுடைத்து. இதற்குக் கல்வியுடைமை வேண்டா, தாய்மொழியுடைமையே போதும்.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். திருச்சபைச் சொல் கேட்போன் உள்ளத்தில் முன்பே உள்ள பொருளோடு கலந்தே பொருள்படும். அயற்சொல் விளங்காமையால் இடர் செய்யும். அறிந்த சொல் எளிதில் விளங்குதலால் இடர் செய்யும். இவற்றுட் பின்னதே கண்டறிதற்கு அரியது. எளிய மக்களின் வழக்குப்பொருள் எப்போதும் களையத்தக்க பிழையன்று; விசுவாசம் என்பதன்கண் அது மூலத்தின் மறைந்த பாதியைக் காத்து நின்றது. சொல்லை மாற்றுவோர், வரும் சொல்லின் தகுதியோடு செல்லும் சொல் விட்டுச்செல்லும் வெற்றிடத்தையும் நோக்குதல் வேண்டும்.

விசுவாசமா நம்பிக்கையா என்னும் வழக்கில் ஒன்றுக்கே வெற்றி தருதல் நம் கருத்தன்று. இன்று தமிழ்நாட்டில் இரு வழக்கும் உயிரோடுள்ளன. இரண்டும் இலட்சக்கணக்கானோர் வாயில் செபமாய் நிலவுகின்றன. பாட்டியின் செபநூலில் உள்ள சொல்லும் பேரன் கோயிலிற் கேட்கும் சொல்லும் வேறுபடுங்கால், பாட்டி அறிந்தது பழுதென்னும் எண்ணம் பேரனுக்கு உண்டாகலாகாது. வீரமாமுனிவர் சமயம் கற்பிப்போர்க்கென ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் நூலை இயற்றினார். அந்தணரைக் குறித்துவந்த வேதியர் என்னும் சொல்லே அங்கு உபதேசியாரைக் குறிப்பதாயிற்று. சொல்லை மட்டும் மக்களிடம் விடுத்தால் போதாது, சொல்லோடு அதனை விளக்குவானையும் விடுத்தல் வேண்டும் என்பதை அந்நூலின் தோற்றமே உணர்த்தும். ஒரு வசனத்தை ஓதுமிடத்து இரு சொல்லையும் கூறி, ஒவ்வொன்றும் மூலத்தின் எப்பகுதியைக் காட்டுகின்றது என்று ஓரிரு வாக்கியங்களில் விளக்குதல் அத்தகைய ஆசிரியர்க்கு அரிதன்று.

தமிழ்த்துறை மாணாக்கர் இத்துறையில் ஆற்றற்பாலது இன்னும் மிகுதி. கிருபை, நீதி, உலகம், மாம்சம் ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் இங்ஙனமே இருமுக வரலாறு உடையன. அவற்றை அச்சு நூல்களில் மட்டும் தேடாது, செபம் ஓதுவார் நாவிலும், கடற்கரை ஊர்களின் பேச்சிலும், தாய்மார் மக்கட்கு இடும் பெயர்களிலும் தேடுதல் வேண்டும். சமயச் சொல்லின் பொருளை நூலோர் வகுக்கலாம். அதனை நாள்தோறும் வழங்கி வாழவைப்போர் எளிய மக்களே.